முகத்தைப் பார்ப்பது வேறு, முகத்தை அறிவது வேறு





"முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்" என்ற ஒற்றை வாக்கியம் நம் வீடுகளிலும் மதரஸாக்களிலும் செய்துவரும் அநீதிக்கு அளவில்லை. மக்தபில் ஒரு பிள்ளை தலையைக் குனிந்து நின்றால், அவன் பாடத்தைப் பார்க்காமல் வந்திருக்கிறான் என்று தெரிந்துவிடுகிறதாம். பெண் பார்க்கப் போன வீட்டில் அந்தப் பெண் சிரிக்காதிருந்தால், அவள் திமிர் பிடித்தவள் என்று தெரிந்துவிடுகிறதாம். வாடிய முகத்துடன் மருமகள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தால், அவளுக்கு வேலை செய்ய மனமில்லை என்று தெரிந்துவிடுகிறதாம். ஒரு கணப் பார்வையில் குற்றப்பத்திரிகை எழுதப்படுகிறது. அடுத்த கணத்தில் தீர்ப்பும் சொல்லப்படுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் நிற்கும் ஒரு சாராரும் இருக்கிறார்கள். "மனனம் செய்வதும் சட்டங்களை அறிவதும்தான் கல்வி. யாருடைய முகம் வாடியிருக்கிறது என்று பார்ப்பதெல்லாம் பெண்களின் இளகிய மனத்துக்கு உரியது. அறிவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்பது இவர்களுடைய வாதம். பிள்ளை எத்தனை ஜுஸ்உ ஓதினான் என்று கேட்பார்கள். பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவனை அவன் கவனித்தானா என்று கேட்கமாட்டார்கள்.

தென்காசி வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணியில் உள்ள நாம் இவ்விரு சாராரையும் மறுக்கிறோம். ஒருவர் முகத்தில் அவருடைய உள்ளத்தின் நிலையை அறிவது சிந்தனையின் வேலை. கவனித்தல், முன்பு கண்டதை நினைவில் கொண்டுவருதல், சூழலோடு ஒப்பிடுதல், காரணம் தேடுதல், அவசர முடிவைத் தள்ளிவைத்தல், கேட்டுத் தெளிதல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அது. சிந்தனையை நீக்கிவிட்டால் முகம் பார்ப்பது வெறும் சந்தேகமாகச் சுருங்கிவிடும். முகத்தை நீக்கிவிட்டால் சிந்தனை ஈரமற்ற கல்லாக இறுகிவிடும்.

குர்ஆன் கற்பிக்கும் பார்வை

சூரத்துல் பகராவின் 273ஆம் வசனத்தை நாம் ஸதகாவின் சட்டங்களைப் பேசும்போது மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். அல்லாஹ்வின் பாதையில் தம்மை ஒப்படைத்துவிட்டு, பொருள் தேட வழியின்றி இருக்கும் ஏழைகளைப் பற்றி அவ்வசனம் பேசுகிறது. அவர்கள் யாரிடமும் வற்புறுத்திக் கேட்பதில்லை. அவர்களுடைய தன்மானத்தைக் கண்டு, அறியாதவன் அவர்களைச் செல்வர்கள் என்று எண்ணிக்கொள்கிறான். அவர்களை அவர்களுடைய அடையாளத்தைக் கொண்டு அறிந்துகொள்ள முடியும் என்று அவ்வசனம் தொடர்கிறது.

இங்கே ஆளப்பட்டுள்ள சொல்லைக் கவனியுங்கள். வறுமையை முகத்தில் காணத் தவறியவனை அல்லாஹ் 'ஜாஹில்' என்ற சொல்லால் குறிப்பிடுகிறான். கண் இல்லாதவன் என்றோ மனம் இளகாதவன் என்றோ குறிப்பிடவில்லை, அறியாதவன் என்கிறான். அப்படியானால் பிறர் முகத்தின் குறிப்பை உணர்வது அறிவின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அறியாதவனும் பார்த்தான், அறிந்தவனும் பார்த்தான். இருவர் முன்னும் நின்றது ஒரே முகம்தான்.

இந்த வசனத்தின் விளக்கம்போல் அமைந்த நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரீயில் இருக்கிறது. அபூஹுரைரா (ரலி) அவர்கள் பசியின் கொடுமையால் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு, மக்கள் போகும் வழியில் அமர்ந்திருந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் அவ்வழியே வந்தபோது, குர்ஆன் வசனம் ஒன்றைப் பற்றிக் கேட்டார்கள். வசனம் அவர்களுக்குத் தெரியாததன்று. தம்மை அழைத்துச் சென்று உணவளிக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பில்தான் கேட்டார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் கடந்து சென்றார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்களிடமும் அவ்வாறே கேட்டார்கள். அவர்களும் கடந்து சென்றார்கள். அதன் பின் நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள். அபூஹுரைராவைக் கண்டதும் புன்னகைத்தார்கள். அவர் உள்ளத்தில் இருந்ததையும் முகத்தில் இருந்ததையும் அறிந்துகொண்டார்கள். வீட்டுக்கு அழைத்துச் சென்று, திண்ணைத் தோழர்கள் அனைவரையும் வரவழைத்து, ஒரு கிண்ணம் பாலை எல்லோருக்கும் பருகக் கொடுத்தார்கள்.

மாபெரும் தோழர்கள் இருவரும் கேட்கப்பட்ட கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்கள். அதில் குறை காண நமக்குத் தகுதியில்லை. நாம் கற்க வேண்டியது நபி (ஸல்) அவர்களின் பார்வையை. அவர்கள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. வழியோரத்தில் அமர்ந்திருக்கும் இடம், அந்த மனிதரின் நிலை, அவருடைய பழக்கம் ஆகிய அனைத்தையும் அறிந்த அறிவோடு அந்த முகத்தைப் பார்த்தார்கள். அறிந்ததோடு நில்லாமல் பாலும் கொடுத்தார்கள். முகத்தை அறிவதன் முடிவு ஒரு தீர்ப்பில் இல்லை, ஓர் உதவியில் இருக்கிறது என்பது இங்கே தெளிவாகிறது.

நம் தாய்மொழியின் பெரும் நூலும் இதே கருத்தின் பக்கமே நிற்கிறது. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று காமத்துப்பாலில் வருவது. அது காதலர்களின் குறிப்பைப் பற்றியது. மற்றொன்று பொருட்பாலின் 71ஆம் அதிகாரம். அமைச்சருக்குரிய சூழ்ச்சி, வினைத்திட்பம், தூது, சொல்வன்மை ஆகியவற்றைப் பேசும் பகுதியில் அது வைக்கப்பட்டிருக்கிறது. முகக்குறிப்பை அறிவதை மென்மையான மனத்தின் பலவீனமாக வள்ளுவர் எண்ணியிருந்தால், நாட்டை நடத்தும் மூளைகளுக்கான பாடங்களிடையே அதை வைத்திருக்கமாட்டார்.

ஆய்வுகள் சொல்வது

மூளையைப் பற்றிய இன்றைய ஆய்வுகளும் முகம் அறிதலைச் சிந்தனையிலிருந்து பிரிக்கவில்லை.

அமெரிக்காவில் ஒரு பெண்மணிக்கு, மூளையில் அச்ச உணர்வோடு தொடர்புடைய 'அமிக்டலா' என்னும் பகுதி இருபுறமும் நோயால் சிதைந்துவிட்டது. ஆய்வுலகில் அவர் 'எஸ்.எம்.' என்று அறியப்படுகிறார். பிறர் முகத்தில் அச்சத்தை அவரால் அடையாளம் காண முடியவில்லை என்று 1994இல் வெளியான ஆய்வு கூறியது. உணர்வே அற்றுப்போய்விட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 2005இல் அதே ஆய்வாளர்கள் கண்டது வேறு. அந்தப் பெண்மணி முகங்களைப் பார்க்கும்போது கண்களைப் பார்ப்பதில்லை. "கண்களைப் பாருங்கள்" என்று சொல்லிப் பார்க்கவைத்தபோது, அச்சத்தைச் சரியாக அடையாளம் கண்டார். சொல்வதை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார். எங்கே கவனம் வைப்பது என்பதில் அவ்வளவு அடங்கியிருக்கிறது. கவனம்தானே சிந்தனையின் வாசல்?

2012இல் வெளியான மற்றோர் ஆய்வில், டென்னிஸ் வீரர்கள் ஒரு புள்ளியை வென்ற கணத்திலும் தோற்ற கணத்திலும் எடுக்கப்பட்ட படங்கள் மக்களுக்குக் காட்டப்பட்டன. முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது, வென்றவர் யார், தோற்றவர் யார் என்று அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. உடலையும் சேர்த்துக் காட்டியபோது சரியாகச் சொன்னார்கள். இதில் வியப்பு என்னவென்றால், தாங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்ததாகப் பலர் நம்பினார்கள்! "முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்" என்று சொல்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது.

நம் நாட்டிலும் இத்துறையில் பணி நடந்திருக்கிறது. வெளிநாட்டு முகங்களைக் காட்டி நம் மக்களைச் சோதிப்பது பொருந்தாது என்பதால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இந்திய முகங்களைக் கொண்டே 'ட்ரெண்ட்ஸ்' என்னும் சோதனைக் கருவியை உருவாக்கினார்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குக் கவனமும் நினைவாற்றலும் தளர்வதோடு, பிறர் முகத்தின் உணர்ச்சியை அறிவதும் கடினமாகிறது என்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட உண்மை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கண்ணோடு கண் நோக்குவதே பெரும் பாரம். இப்படிப்பட்டவர்களை 'கல்நெஞ்சக்காரன்', 'மரியாதை தெரியாதவன்' என்று ஏசுவது, கால் ஊனமுற்றவரை ஏன் ஓடவில்லை என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

பிரம்பின் கீழ் வளரும் பார்வை

இப்போது நம் மதரஸாக்களுக்கு வருவோம். சிலருக்குக் கசப்பாக இருக்கும். ஆயினும் சொல்லியே ஆக வேண்டும்.

குனிந்த தலையைக் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் உஸ்தாதுமார்கள் இன்றும் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு முன் பார்வையைத் தாழ்த்துவது மரியாதை என்று அந்தப் பிள்ளைக்கு வீட்டில் கற்பித்திருக்கிறார்கள். அந்த மரியாதையையே திருட்டு முழி என்று கருதி அடித்தால், பிள்ளை எந்தப் பாடத்தைக் கற்கும்? விழித்துக்கொண்டு நிற்பவன் பிடிவாதக்காரனாக இருக்கலாம். பாடம் புரியாமல் திகைத்து நிற்பவனாகவும் இருக்கலாம். ஃபஜ்ருக்கு எழுந்து பசியோடு வந்தவனாகவும் இருக்கலாம். இரவெல்லாம் வீட்டில் நடந்த சண்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவனாகவும் இருக்கலாம். இந்த நான்கு முகங்களும் வெளியே ஒன்றுபோலவே தோன்றும். நான்கில் எது என்று யோசிப்பவரே ஆசிரியர். யோசிக்காதவர் கையில் பிரம்பு மட்டுமே மிஞ்சுகிறது.

அந்தப் பிரம்பு பிள்ளையின் பார்வையையும் கெடுக்கிறது. உடல்வதைக்கு ஆளான குழந்தைகளை வைத்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் 2002இல் ஆய்வுகள் வெளியிட்டார்கள். கோபமும் வேறோர் உணர்ச்சியும் கலந்த முகங்களைக் காட்டியபோது, மற்றக் குழந்தைகள் கோபம் என்று சொல்லாத முகங்களையும் இவர்கள் கோபம் என்றார்கள். இது கூர்மையான பார்வை என்று மகிழ்வதற்கில்லை. அடி எப்போது விழும் என்று காத்திருக்கும் மனம், உலகத்து முகங்களிலெல்லாம் ஒரே ஓர் உணர்ச்சியைத் தேடிக்கொண்டிருக்கிறது. உஸ்தாதின் புருவத்தையே கவனித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஆயத்தின் பொருளைக் கவனிக்க மனத்தில் இடம் ஏது?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்தது. 2012இல் வந்த திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்தது. நம் கல்வியின் தனித்தன்மையைக் காக்க வந்த விலக்கு அது. அதை அடிப்பதற்கான அனுமதிச் சீட்டாக எவரேனும் கருதினால், அவரிடம் நாம் ஒன்று கேட்கிறோம்: அனஸ் (ரலி) அவர்கள் பத்து ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள், அக்காலம் முழுவதும் 'சீ' என்ற ஒரு சொல்லைக்கூடக் கேட்டதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். நாட்டின் சட்டம் நம்மை விலக்கியிருக்கலாம். இந்த ஸுன்னத் நம்மை விலக்கியிருக்கிறதா?

"எங்களுக்கு ஃபிராஸத் உண்டு" என்போருக்கு

இங்கே ஒரு மறுப்பு எழும். "மூமினுக்கு ஃபிராஸத் என்னும் உள்ளுணர்வு உண்டே? அடையாளங்களை ஆராய்பவர்களை அல்லாஹ் சூரத்துல் ஹிஜ்ரின் 75ஆம் வசனத்தில் சிறப்பித்திருக்கிறானே?" என்பார்கள். ஃபிராஸத்தை நாம் மறுக்கவில்லை. மூமினின் ஃபிராஸத் பற்றித் திர்மிதீயில் வரும் ஹதீஸின் அறிவிப்பாளர் தொடர் குறித்துக் கருத்து வேறுபாடு இருப்பதையும் இங்கே விவாதிக்கவில்லை. நாம் கேட்பது இதுதான்: அந்த வசனம் பாராட்டுவது ஆராய்பவர்களையா, அவசரப்படுபவர்களையா?

போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவரை, உயிருக்கு அஞ்சியே சொன்னார் என்று முடிவு செய்து உஸாமா (ரலி) அவர்கள் வெட்டிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்து, அவருடைய இதயத்தைப் பிளந்து பார்த்தீரா என்று கேட்டார்கள். தம்மைவிடச் சிறந்த ஃபிராஸத் உள்ளவர் நம்மில் எவர் இருக்கிறார் என்று எண்ணாமல், பிறர் இதயத்தைப் பற்றி நாள்தோறும் சான்றிதழ் வழங்குவோர் இந்த ஹதீஸை ஒருமுறை ஓதட்டும். சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம், எண்ணங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து விலகிக்கொள்ளும்படி கட்டளையிடுகிறது. சில எண்ணங்கள் பாவமாகும் என்று எச்சரிக்கிறது.

நம் ஊருக்கு அருகில் எழுந்த புகழ்பெற்ற இலக்கியம், மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி. அதில் வரும் குறத்தி, வசந்தவல்லியின் கையைப் பார்த்து அவளுடைய மனநோயைக் குறியாகச் சொல்கிறாள். இலக்கியத்தில் அதற்கு இடமுண்டு. குறி கேட்பது நம் மார்க்கத்தில் கூடாது என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மருமகளின் முகத்தை வைத்துக் குறி சொல்வது என்ன நியாயம்? குறி சொல்பவர் கேள்வி கேட்கமாட்டார். தாமே விடையைச் சொல்லிவிடுவார். முகத்தை அறிபவர் விடையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, "உடம்புக்கு முடியலையாம்மா?" என்று கேட்பார்.

இதே குறி சொல்லும் பழக்கத்தை இப்போது இயந்திரங்களுக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். பெண்களின் முகத்தில் துயரத்தைக் கண்டறிந்து காவல்துறைக்குத் தெரிவிக்கும் கேமராக்களை நிறுவப்போவதாக 2021இல் லக்னோ காவல்துறை அறிவித்தபோது பெரும் விமர்சனம் எழுந்தது. முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022இல் அறிவித்தது. பணியிடங்களிலும் கல்விக்கூடங்களிலும் உணர்ச்சியை ஊகிக்கும் இத்தகைய கருவிகளை, மருத்துவமும் பாதுகாப்பும் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. யோசிக்காமல் முகம் பார்க்கும் இயந்திரத்துக்கே உலகம் கடிவாளம் போடுகிறது. அதே வேலையைச் செய்யும் மாமியாருக்கும் உஸ்தாதுக்கும் முதலாளிக்கும் கடிவாளம் வேண்டாமா?

திரும்பிய கன்னங்கள்

முகத்தைத் தவறாகப் படிப்பதைவிடப் பெரிய ஆபத்து, முகத்தையே பாராதிருப்பது.

ஆனி, ஆடியில் சாரல் தொடங்கினால் நம் குடும்பங்களெல்லாம் குற்றாலத்துக்குப் புறப்படுகின்றன. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கு நோக்கினும் கூட்டம். ஒரு குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் நாள் அது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்த கையோடு ஆளுக்கொரு கைப்பேசியில் முகம் புதைக்கிறார்கள். அருவியையும் படம் பிடிக்கிறார்கள், தம்மையும் படம் பிடிக்கிறார்கள். ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் பாட்டியாரின் உதடு நீலம் பாரித்திருப்பதை எவரும் காண்பதில்லை. மனிதர்களிடமிருந்து கன்னத்தைத் திருப்பிக்கொள்ளாதே என்று லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசம் சூரா லுக்மானின் 18ஆம் வசனத்தில் உள்ளது. பெருமையினால் கன்னத்தைத் திருப்புவதையே அவ்வசனம் கண்டிக்கிறது. இன்று திரையை நோக்கித் திரும்பியிருக்கும் கன்னங்களைக் கண்டு, எதிரே இருப்பவர் வேறு என்ன பொருள் கொள்வார்?

கலிஃபோர்னியாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேர் ஐந்து நாட்கள் திரைகள் எதுவுமின்றி ஒரு முகாமில் தங்கினார்கள். வழக்கம்போல் திரைகளோடு இருந்த பிள்ளைகளைவிட, இவர்களுக்குப் பிறர் உணர்ச்சிகளை அறியும் திறன் கூடுதலாக வளர்ந்திருந்ததாக 2014இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. ஒரே ஆய்வு இறுதித் தீர்ப்பாகிவிடாது. ஆயினும் பயிற்சியில்லாமல் எந்த அறிவும் வளராது என்பதை அறிய நமக்கு ஆய்வு தேவையில்லை.

கைப்பேசியையே ஹராமாக்க நாம் வரவில்லை. தென்காசியிலும் கடையநல்லூரிலும் எத்தனையோ வீடுகளில் அத்தா என்றும் வாப்பா என்றும் பிள்ளைகள் அழைக்கும் முகம் வளைகுடாவிலிருந்து அந்தத் திரை வழியாகத்தான் வருகிறது. சம்பளம் வராத மாதத்திலும் அந்த முகம் சிரித்துக்கொண்டுதான் பேசும். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதற்கு விடை வரச் சற்றுத் தாமதித்தால், சிரிப்புக்குப் பின்னால் உள்ளதை மனைவி அறிந்துகொள்கிறாள். அவள் படித்தது முகத்தை மட்டுமன்று. குரலை, இடைவெளியை, இத்தனை ஆண்டுப் பழக்கத்தை. ஆயிஷா (ரலி) அவர்கள் தம்மீது மகிழ்வோடு இருக்கிறார்களா, வருத்தத்தோடு இருக்கிறார்களா என்பதை, அவர்கள் சத்தியம் செய்யும்போது "முஹம்மதின் இறைவன்" என்கிறார்களா, "இப்ராஹீமின் இறைவன்" என்கிறார்களா என்பதைக் கொண்டு நபி (ஸல்) அவர்கள் அறிந்தார்கள் என்ற புகாரீயின் ஹதீஸ் இதைத்தானே கற்பிக்கிறது?

செய்ய வேண்டியவை

பெற்றோர்களும் ஆசிரியர்களும் பிள்ளைகளுக்கு மூன்று பழக்கங்களைக் கற்பித்தால் போதும். முதலாவது, முகத்தை நிதானமாகப் பார்ப்பது; கண், உதடு, தோள், கை, குரல் அனைத்தையும் சேர்த்துப் பார்ப்பது. இரண்டாவது, கண்டதற்கு ஒரு காரணத்தோடு நிறுத்தாமல், குறைந்தது மூன்று காரணங்களை யோசிப்பது. அவற்றில் ஒன்றேனும் நல்லெண்ணம் உள்ளதாக இருக்க வேண்டும். மூன்றாவது, அன்போடு கேட்பது. கேட்டறிந்த பின் இயன்றதைச் செய்வது.

மதரஸாவில் இதற்கெனத் தனிப் பாடவேளை தேவையில்லை. அபூஹுரைரா (ரலி) அவர்களின் ஹதீஸைச் சொல்லிக்கொடுக்கும்போது, "அவர் முகம் எப்படி இருந்திருக்கும்? நீ அந்த வழியே போயிருந்தால் எதைக் கவனித்திருப்பாய்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். யூசுஃப் (அலை) அவர்களின் சட்டையைச் சகோதரர்கள் கொண்டுவந்தபோது, யஃகூப் (அலை) அவர்கள் அவர்களின் சொல்லை ஏன் நம்பவில்லை என்று யோசிக்கவையுங்கள். மனனத்தோடு சிந்தனையும் வளரும். சிந்தனையோடு இரக்கமும் வளரும்.

பிறர் முகத்தைப் படிக்கக் கற்பிக்கும் நாம், நம் முகத்துக்கும் பொறுப்பாளிகள் என்பதை மறக்கக் கூடாது. கண் பார்வையற்ற தோழர் ஒருவர் வந்தபோது முகம் கடுகடுத்தது பற்றி அல்லாஹ் 'அபஸ' என்னும் சூராவை இறக்கினான். அந்தத் தோழரால் அந்த முகத்தைக் காணவே முடியாது. காண முடியாதவர் முன் தோன்றிய முகச்சுளிப்புக்கே வஹீ இறங்கியது என்றால், எல்லாவற்றையும் கண்டுகொண்டு நம் முன் அமர்ந்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளைகளின் முன் நம் முகம் எப்படி இருக்க வேண்டும்?

நாளைக் காலை மக்தபுக்கு ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு வரும். அதன் தாடையை மெல்ல உயர்த்தி, "என்னப்பா ஆச்சு?" என்று கேட்கும் உஸ்தாதுமார்களையும், அதற்கு அஞ்சாமல் விடை சொல்லும் பிள்ளைகளையும் அல்லாஹ் நம் சமூகத்தில் பெருகச் செய்வானாக. பார்த்தும் அறியாதவர்களாக நம்மை ஆக்காதிருப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.